பொங்கலுக்கு முன் பூசுவதும் பங்குனியில் உரிவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் கோண்டாவில் அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தை வாசித்தேன். தமது வீட்டு மேல்மாடியின் பலகை முகப்புக்கு மார்கழியில் விலையுயர்ந்த பெயின்ற் வாங்கிப் பூசுவித்ததாகவும், பங்குனி முடியுமுன்பே அது கொப்பளித்துத் தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கிவிட்டதாகவும், இக்காலத்துப் பெயின்ற் யாவும் கலப்படம் என்றும் அவர் மனம் நொந்து எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் அவர் குற்றம் சாட்டிய இடம் தவறு என்பது என் எண்ணம். கடிதத்தின் தொடக்கத்தில் அவர் போகிறபோக்கில் குறிப்பிட்ட ‘மார்கழி’ என்ற சொல்லே நோய் இன்னதென்று சொல்லிவிடுகிறது.

கட்டட நிர்மாணம் கற்பிக்கும் ஆசிரியனாக நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் நான். கற்பித்த காலத்தில் இவ்விடயத்தில் எனக்குத் தெரிந்திருந்ததைவிட, 2004 ஆம் ஆண்டு தை மாதம் நடந்த மகளின் திருமணத்துக்காக வீட்டுக்குப் பெயின்ற் பூசுவித்துப் பட்டறிந்தது அதிகம். கல்யாணத்தன்று முகப்பு கண்ணாடிபோல் மின்னியது. சித்திரை வருடப்பிறப்புக்கு வந்த உறவினர் கண்ணில் பட்டவை, மேற்குப் பக்கத்துக் கூரைமுகப்புப் பலகைகளில் உள்ளங்கை அகலத்துக்கு எழும்பியிருந்த கொப்பளங்களே. நான் கடைக்காரரிடம் சென்று சண்டை பிடித்தேன். அவர் நல்ல மனிதர், வாய் பேசாமல் இன்னொரு தகரத்தை எடுத்துத் தந்தார். அதைச் சுரண்டிய இடங்களில் பூசினோம். அடுத்த ஆண்டு அதே பலகைகளில், ஏறக்குறைய அதே இடங்களில் அது மறுபடியும் எழும்பியது. அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு நிலை, கதவு செய்த முதிய தச்சர், “ஐயா, பெயின்ற்றைப் பாக்காதேங்கோ, பலகைக்குப் பின்னாலை பாருங்கோ” என்றார். ஏணி வைத்து ஒரு பலகையைக் கழற்றினோம். முன்பக்கம் காய்ந்திருந்த பலகையின் பின்பக்கம் கறுத்து நனைந்து கிடந்தது. மேலே ஓர் ஓடு வெடித்திருந்தது. கூரைநீரை ஏந்திச் செல்லும் பீலியின் பொருத்து ஒன்று விலகியிருந்தது. அந்தக் கடைக்காரரிடம் நான் பின்னர் மன்னிப்புக் கேட்டேன் என்பதையும் இங்கு எழுதிவைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான காலத்திலேயே கொட்டிவிடுகிறது. தைப்பொங்கலோ அந்த மாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பொங்கலுக்கு வீடு புதிதாக இருக்க வேண்டும் என்ற நம் வழக்கம் அழகானதுதான். சுண்ணாம்பு அடித்த மண்சுவருக்கும் காரைச்சுவருக்கும் அதனால் பெரிய கெடுதி இல்லை, ஏனெனில் சுண்ணாம்பு மூச்சுவிடும். பலகை அப்படியன்று. மூன்று மாதம் நனைந்து நீரை உட்கொண்டு நிற்கும் பலகையின் மேல் எண்ணெய் எனாமலை இரண்டு தடவை பூசும்போது, உள்ளிருக்கும் ஈரத்துக்கு வாசலை அடைத்துவிடுகிறோம். மாசி, பங்குனி வெயில் அந்தப் பலகையைச் சூடாக்கும்போது ஈரம் ஆவியாகி வெளியேற முயன்று, பூச்சைத் தள்ளிக்கொண்டு எழும்புகிறது. பூசுவதற்கு முன் பலகையின் ஈரம் 15 அல்லது 16 சதவீதத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். இரண்டு முள் கொண்ட சிறிய ஈரமானியைப் பலகையில் குத்தினால் அளவு தெரிந்துவிடும். ஒரு தகரப் பெயின்ற்றை வீணாக்குவதிலும் பார்க்க அக்கருவி ஒன்றை வாங்கி அயலவர் நான்கு பேர் மாறி மாறிப் பாவிப்பது சிக்கனம்.

வெளிப்புறச் சுவருக்குப் பலகை அடிக்கும் வழக்கம் நமக்கு முற்றிலும் புதியதன்று. பழைய நாற்சார் வீடுகளின் கூரைமுகப்புகளிலும், விறாந்தையின் தாவாரத்தில் ஓடும் ‘வலன்ஸ்’ பலகைகளிலும், மேல்மாடிகளின் மரத்தட்டிகளிலும் நாம் அதைக் கண்டிருக்கிறோம். ஆயினும் முழுச்சுவரையும் பலகையால் போர்த்தும் இன்றைய மோகம், நோர்வேயிலும் கனடாவிலும் வாழும் நம் பிள்ளைகள் விடுமுறையில் வந்து காட்டிய படங்களோடு வந்தது. அந்நாடுகளில் பலகைச்சுவர்ப் பூச்சைக் கெடுக்கும் காரணங்களுள் முக்கியமானது, குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள்ளிருந்து சமையலாலும் குளிப்பாலும் எழும் நீராவி சுவரினூடாக வெளியே செல்லும் வழியில் பலகையின் பின்புறத்தில் படிந்து நீராவதாகும். நம் வீடுகளிலோ யன்னல்கள் நாள்முழுதும் திறந்திருக்கின்றன. நமக்கு ஈரம் வருவது கூரையிலிருந்தும், பீலியிலிருந்தும், மண்ணில் விழுந்து தெறிக்கும் மழைத்துளியிலிருந்தும், பலகையின் அறுத்த முனைகளிலிருந்தும் ஆகும். ஆகவே ஒஸ்லோவில் வாழும் மருமகன் தொலைபேசியில் சொல்லும் வைத்தியத்தை இங்கே அப்படியே செய்து பார்ப்பது பொருந்தாது.

நோயை அறிவதற்குக் கொப்பளத்தை வெட்டிப் பார்ப்பதே முதற்பரீட்சை. கூரிய கத்தியால் ஒரு கொப்பளத்தைத் திறக்கும்போது அடியில் வெறும் பலகை தெரிந்தால், ஈரம் பலகைக்குள்ளிருந்து வந்திருக்கிறது என்று கொள்ளலாம். அடியில் பழைய பெயின்ற் தெரிந்து, மேற்பூச்சு மட்டும் எழும்பியிருந்தால், கொதிக்கும் வெயிலில் பூசியதால் மேற்பரப்பு முதலில் தோல்கட்டி, பெயின்ற்றை இளக்கச் சேர்த்த ரின்னர் உள்ளே அகப்பட்டு ஆவியாகித் தள்ளியிருக்கிறது. கடும்பச்சை, கபிலம் போன்ற இருண்ட நிறங்களில் இது அதிகம், ஏனெனில் அவை வெளிர்நிறங்களிலும் பார்க்க மிகவும் சூடேறுகின்றன. இரண்டாவது, உரிந்து விழுந்த துண்டு ஒன்றைப் புரட்டி அதன் முதுகைப் பார்க்க வேண்டும். முதுகில் மெல்லிய மரநார்கள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பிடி விட்டது பெயின்ற் அன்று. பலகையின் மேற்தோலே செத்துப்போயிருக்கிறது.

இந்தக் கடைசி விடயம் யாழ்ப்பாணத்தில் தனிக் கவனத்துக்குரியது. மரநார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் இலிக்னின் என்ற பொருள் சூரியனின் கழியூதாக் கதிரால் சிதைகிறது. பூச்சில்லாத பலகை வெயிலில் சில வாரங்கள் நின்றாலே அதன் மேற்பரப்பு பின்னர் பூசும் பெயின்ற்றைப் பிடிக்கும் வலிமையை இழக்கத் தொடங்குகிறது என்பதை, 1910 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் மடிசன் நகரில் இயங்கிவரும் வனப்பொருள் ஆய்வகத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. சில வாரங்களுக்கே இப்படியென்றால், 1995 ஒக்ரோபரில் போரினால் வலிகாமத்தை விட்டு நாம் வெளியேறிய பின் ஆட்களின்றிக் கிடந்த வீடுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். வலிகாமம் வடக்கில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூட்டிக்கிடந்த வீடுகளும் உண்டு. திரும்பி வந்தவர்கள், எஞ்சியிருந்த கதவுகளும் தாவாரப் பலகைகளும் நரைத்துச் சாம்பல் நிறமாகியிருந்ததைக் கண்டு, தூசைத் துடைத்துவிட்டு மேலே பெயின்ற் பூசினார்கள். கையில் காசில்லாத காலத்தில் வேறென்ன செய்வது? அந்த நரைத்த படையைச் சீவுளியாலோ மண்கடதாசியாலோ அகற்றி உயிருள்ள மரம் தெரியும்வரை தேய்க்காவிட்டால், அதன்மேல் எத்தனை தடவை பூசினாலும் அது செத்த தோலோடு சேர்ந்தே விழும். பல வீடுகளில் இன்றும் உரிந்துகொண்டிருப்பது அந்த முதற்பூச்சின் குறைதான்.

பூச்சுக்கும் பூச்சுக்கும் ஒவ்வாமையும் உண்டு. பளபளப்பான பழைய எனாமலைத் தேய்க்காமல் அதன்மேல் நீரில் கரையும் எமல்சன் வகையைப் பூசினால், அது தாமரை இலைத் தண்ணீர்தான். பழைய பூச்சு எவ்வகை என்பதை அறிய, பஞ்சில் மெதிலேற்றட் ஸ்பிரிட்டை நனைத்து ஓரிடத்தில் நன்றாகத் தேய்க்க வேண்டும்: நீர்வகையாயின் இளகிப் பஞ்சில் நிறம் ஒட்டும், எண்ணெய்வகையாயின் அசையாது. இருக்கும் பூச்சு இன்னொரு பூச்சைத் தாங்குமா என்பதை அறிய, கத்தியால் அதில் பெருக்கல் அடையாளம்போல் கீறி, மேலே ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார்க்கலாம். நாடாவோடு பெயின்ற் வந்தால் முழுவதையும் சுரண்டுவதே வழி. விரலால் தேய்க்கும்போது திருநீறுபோல் ஒட்டும் தூள், வெயிலில் முதிர்ந்த பூச்சின் இயல்பான தேய்வு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கழுவி நீக்கிவிட்டுப் பூசலாம், கழுவாமல் பூசக்கூடாது.

கருமைக்கு மூன்று காரணங்கள் உள்ளன. மூன்றுக்கும் மருந்து வேறு. கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளைக் கரைத்துத் தெளிந்த நீரில் ஒரு துளியைக் கரும்புள்ளியின்மேல் விட்டால், ஓரிரு நிமிடத்தில் நிறம் போய்விடுமாயின் அது பூஞ்சணம், போகாவிடின் அழுக்கு. பூஞ்சணத்தைக் கொல்லாமல் அதன்மேல் பூசினால் புதிய பூச்சினூடாகவே அது மீண்டும் தலைகாட்டும். ஆணியின் தலையைச் சுற்றிக் கபிலமாகவோ நீலக்கறுப்பாகவோ இறங்கும் கண்ணீர்க்கோடு, இரும்பின் கறளும் மரத்தின் துவர்ப்புச் சாரமும் கலந்ததன் விளைவு. அந்த ஆணியை மாற்றாமல், அல்லது தட்டி உள்ளிறக்கிக் கறளெதிர்ப்புப் பிறைமர் (அடிப்பூச்சு) பூசிப் புட்டி அடைக்காமல், வேறெதுவும் பயன்தராது. பலாப்பலகையிலிருந்து மஞ்சளாகவும், இறக்குமதிப் பைன் மரத்தின் கணுக்களிலிருந்து பிசினாகவும் ஊறுவதற்கு, கணுக்களின் மேல் அவலரக்குக் கரைசலை முதலில் பூசுவது பழைய தச்சர்களின் முறை. இன்றும் அது பிழைக்கவில்லை. தேக்கு வேறு சங்கடம் தரும். அதன் இயற்கை எண்ணெய்ச் சாரங்கள் எனாமலைக் காயவிடாமல் நாட்கணக்கில் ஒட்டொட்டென்று வைத்திருக்கும், ஆதலால் பிறைமருக்குச் சற்று முன் ரின்னரில் நனைத்த துணியால் மேற்பரப்பைத் துடைக்க வேண்டும்.

நம் குடாநாட்டுக்கே உரிய காரணம் ஒன்றைப் பெயின்ற் தகரத்தின் அறிவுறுத்தலில் காணமுடியாது. அது உப்பு. பருத்தித்துறையில் கடலைப் பார்த்து நிற்கும் என் மைத்துனரின் வீட்டில் வடகீழ்ப் பக்கத்துப் பலகைகளில் மட்டும் பெயின்ற் ஆண்டுதோறும் உரிந்துகொண்டிருந்தது. பலகை காய்ந்திருந்தது, பிறைமர் பூசியிருந்தார்கள், பருவமும் சரியானதாயிருந்தது. காரணம் தெரியாமல் இருந்த எனக்கு, பலகையில் நாவை வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. (மனைவி இதை இன்றும் சொல்லிச் சிரிப்பாள். பழைய ஈயப் பெயின்ற் உள்ள இடங்களில் எவரும் இந்தப் பரீட்சையைச் செய்யவேண்டாம்.) வாடைக்காற்று கொண்டுவந்து படியவிடும் உப்பின்மேல் பூசினால், அந்த உப்பு காற்றிலுள்ள ஈரலிப்பை இழுத்துக்கொண்டு பூச்சுக்கு அடியில் வியர்க்கிறது. அதைக் கழுவ வேண்டும் என்றால், நாம் எதனால் கழுவுகிறோம்? கடற்கரையோரக் கிணறுகளின் நீர் தானே உவர். உள்ளூரில்கூட சுண்ணாம்புக் கல்லின் வழியே வரும் நீர், கேத்திலின் அடியில் வெள்ளைப் படையைக் கட்டுமளவுக்குக் கடினமானது. மைத்துனர் இப்போது ஐப்பசி மழைநீரைத் தாங்கியில் சேர்த்து வைத்திருந்து இறுதிக் கழுவலுக்கும், எமல்சனை இளக்குவதற்கும் அதையே பாவிக்கிறார். அதன்பின் நான்கு ஆண்டுகளாக அந்தச் சுவர் தொந்தரவு தரவில்லை.

முதலைத் தோல்போல் சதுரம் சதுரமாக வெடித்த பூச்சு, முதுமையின் அறிகுறி. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கோட்டாக ஐம்பது ஆண்டுகள் ஏறிய எனாமல் தடித்து, இறுகி, மரத்தோடு சேர்ந்து விரியவும் சுருங்கவும் மாட்டாமல் வெடிக்கிறது. அதன்மேல் இன்னொரு கோட் பூசுவது சுமைக்குமேல் சுமை. அடிவரை அகற்றவே வேண்டும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. பழைய எனாமல்களில் நிறத்துக்காகவும் விரைந்து காய்வதற்காகவும் ஈயம் சேர்த்தார்கள். ஐக்கிய அமெரிக்கா வீட்டுப் பெயின்ற்றில் ஈயத்தை 1978 இல் தடை செய்தது. இலங்கையில் அதற்கான சட்டவரம்பு 2013 இலேயே நடைமுறைக்கு வந்தது. ஆகவே நம் வீடுகளின் பழைய படைகளில் ஈயம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வேலையைத் தொடங்குவது நல்லது. காய்ந்தநிலையில் மின்னியந்திரத்தால் தேய்க்கக்கூடாது, தீச்சுவாலை வீசும் புளோலாம்பால் எரிக்கவே கூடாது. நீரைத் தெளித்து ஈரமாகச் சுரண்டி, கீழே விரித்த பொலித்தீனில் விழுவதைச் சேர்த்துக் கட்டி அகற்ற வேண்டும். கிணற்றடியில் அந்த வேலை வேண்டாம். முற்றத்தில் தவழும் குழந்தை உள்ள வீடானால், வேலை முடியும்வரை குழந்தையைப் பேத்தியார் வீட்டுக்கு அனுப்புவதே உத்தமம்.

திருத்தத்தைத் தண்ணீரின் வழியிலிருந்து தொடங்க வேண்டும். வெடித்த ஓட்டை மாற்றி, பீலியின் பொருத்தை அடைத்து, பீலிக்குள் விழுந்த வேப்பஞ்சருகை அள்ளி, கீழ்ப்பலகைக்கும் நிலத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியாவது இருப்பதை உறுதிசெய்த பின்னரே தூரிகைக்கு வேலை. உளி முனையால் குத்தும்போது மெத்தென்று இறங்கும் பலகை உக்கிவிட்டது. கறையான் மண்வரி பிடித்த பலகையும் அப்படியே. அவற்றைப் புட்டியால் பூசி மறைக்காமல் வெட்டி மாற்ற வேண்டும். நம் வேலையாட்கள் பெரும்பாலும் மறந்துவிடும் இடம் பலகையின் வெட்டுமுகம். மரம் நீரைக் குடிப்பது அந்த முனையால்தான், பக்கத்தால் குடிப்பதைப்போல் பல மடங்கு விரைவாக. பலகையை அடிப்பதற்கு முன்பே முனைகளுக்கும் முதுகுக்கும் பிறைமர் பூசியிருந்தால் பாதி நோய் வரவே வராது. அடித்த பலகையாயின் எட்டக்கூடிய முனைகளுக்கு இரண்டு தடவையாவது பூச வேண்டும். ஒன்றின்மேலொன்று ஏறி நிற்கும் பலகைகளின் கீழ்விளிம்பை சிலிக்கனால் அடைத்து ‘நீர் புகாதபடி’ செய்பவர்களையும் கண்டிருக்கிறேன். உள்ளே புகுந்த நீர் வெளியேறுவதற்கு இருக்கும் ஒரே வழி அதுவாகும். அடைக்க வேண்டியவை யன்னல் நிலையை ஒட்டிய நெடுக்குப் பொருத்துகளே.

சுரண்டியபின் எஞ்சியிருக்கும் உறுதியான பூச்சின் விளிம்பை 80 ஆம் இலக்க மண்கடதாசியால் சரிவாக்கி, 120 ஆம் இலக்கத்தால் மினுக்கி, தூசைத் துடைத்து, கழுவியிருந்தால் சில நாட்கள் நன்கு காயவிட்டு, வெறும் மரம் தெரியும் இடங்களை மீண்டும் இலேசாகத் தேய்த்து அன்றைக்கே அல்லது மறுநாளே பிறைமர் பூச வேண்டும். ‘அடுத்த கிழமை வாறன்’ என்று சுரண்டிய பலகையை வெயிலில் விட்டுப் போகும் பெயின்ற்றரை விடக்கூடாது. காரணத்தை மேலே சொல்லியிருக்கிறேன். வெளிப்புற மரத்துக்கு எண்ணெய்ப் பிறைமரோ அலுமினியம் பிறைமரோ பொருத்தமானது. அதன்மேல் வெளிப்புற அக்கிரிலிக் வகை இரண்டு கோட் பூசுவதை நான் இப்போது விரும்புகிறேன். எனாமலின் மினுக்கம் அதற்கு இல்லை, ஆனால் மரம் அசையும்போது தானும் அசைந்து கொடுக்கிறது, உள்ளிருக்கும் ஈரத்தையும் ஓரளவு வெளியே விடுகிறது. வெயில் நேராகப் படும் பக்கத்தில் பூசாமல், நிழல் வந்தபின் பூசிக்கொண்டு வீட்டைச் சுற்றி வர வேண்டும். பனி இறங்கும் மாலையிலும் நிறுத்திவிட வேண்டும். மாசிப் பிற்பகுதி தொடக்கம் சித்திரை வரை நல்ல பருவம். தென்மேல் காற்றான சோளகம் உரமாக வீசும் மாதங்களில் புழுதி ஈரப்பூச்சில் ஒட்டும் என்பதால் அதிகாலை வேலைதான் வாய்க்கும். நல்லூர்த் திருவிழாவை முன்னிட்டுப் பூசும் வழக்கத்தைக் கைக்கொண்டால், பொங்கலைவிடக் காய்ந்த பலகை நமக்குக் கிடைக்கும்.

வேலையாட்களைக் குறைகூறுவதற்கு முன், நாம் கொந்தராத்துப் பேசும் முறையையும் பார்க்க வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பூசுவதற்கே கூலி பேசுகிறோம். சுரண்டுவதும் தேய்ப்பதும் காயும்வரை காத்திருப்பதும் அந்தக் கணக்கில் இல்லை. வேலையின் பெரும்பங்கு அவையே ஆனபடியால், அவற்றைச் செய்பவருக்கு நட்டம், செய்யாதவருக்கு இலாபம் என்றாகிறது. என் வீட்டில் சுரண்டித் தேய்ப்பதை நாட்கூலிக்கும், பூசுவதைச் சதுர அடிக்கும் எனப் பிரித்துப் பேசினேன். இரண்டுக்கும் இடையில் நானே ஏணியில் ஏறிப் பார்த்தேன்.

கோண்டாவில் அன்பர் இப்போது இன்னொரு தகரம் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழும்பி நிற்கும் கொப்பளம் ஒன்றைத் திறந்து, அடியில் மரமா பழைய பெயின்ற்றா இருக்கிறது என்பதையும், உரிந்த துண்டின் முதுகில் நார் ஒட்டியிருக்கிறதா என்பதையும், கொப்பளங்கள் முகப்பு முழுவதும் பரவியுள்ளனவா அன்றிப் பீலிக்கு நேர்கீழே மட்டும் திரண்டுள்ளனவா என்பதையும் பார்த்துத் தங்கள் பத்திரிகைக்கு அவர் இன்னொரு கடிதம் எழுதுவாராயின், எந்தப் பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பதை நான் மறுகடிதத்தில் எழுதுவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கட்டட நிர்மாண ஆசிரியர்,
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்.